சாஸ் பாட்டிலுக்குள் கோதுமை

கொல்கத்தா சோறு தின்னும் ஊர். மதிய நேரத்தில் அந்த ஊரின் 'பைஸ் ஹோட்டல்' ஒன்றில் உட்கார்ந்தால் வாழையிலையில் சூடான சோறு விழும், பருப்பு விழும், பொரித்த உருளைக்கிழங்கு வரும், கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு வரும். கோதுமையையும் பார்லியையும் ரையையும் ஆயுள் முழுக்க ஒதுக்கியே தீர வேண்டிய சீலியாக் நோயாளிக்கு இதைவிடத் தோதான ஊர் இந்தியாவில் உண்டா என்று தோன்றும். லூச்சி, கச்சூரி, பரோட்டாவில் சுற்றித் தரும் காட்டி ரோல் ஆகியவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டால் வேலை முடிந்ததே!

முடிவதில்லை. தட்டில் தெரிகிற கோதுமையை ஒதுக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. சோற்றின் ஓரத்தில் ஊற்றும் ஒரு கரண்டி சாஸிலும், தாளிப்பில் கிள்ளிப் போடும் பெருங்காயத்திலும், தொட்டுக்கொள்ளத் தரும் குழம்பான சட்னியிலும் உட்கார்ந்திருக்கும் கோதுமைதான் ஆளைக் கவிழ்க்கிறது. மருத்துவர் சொன்னபடி சப்பாத்தியை நிறுத்தி ஆறு மாதமாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, ரத்தசோகை தீரவில்லை என்று வருகிறவர்களிடம் உணவியல் நிபுணர்கள் முதலில் துருவிக் கேட்பது இந்தச் சில்லறைச் சாமான்களைப் பற்றித்தான்.

சீலியாக் என்பது ஒவ்வாமை அல்ல. கோதுமை முதலிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலுக்குள் போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. குழந்தைகள் வளராமல் நின்றுவிடுவார்கள். பெரியவர்களுக்கு எலும்பு தேயும், இரும்புச்சத்து குறையும். இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை முற்றிலும் நிறுத்துவது ஒன்றே வைத்தியம். அதைக் கண்டுபிடித்தவர் வில்லம் காரல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. ஊரே பட்டினியில் வாட, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். முன்பிருந்தே கோதுமைமேல் அவருக்கிருந்த சந்தேகம் உறுதியானது. 1950ல் அதை ஆய்வேடாக எழுதினார்.

இந்தியாவில் 1966லேயே வட இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோய் பதிவாகிவிட்டது. ஆனாலும் வெகுகாலம் இது வெள்ளைக்காரர்களின் வியாதி என்றே பேசப்பட்டது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா குழுவினர் 2011ல் வெளியிட்ட ஆய்வு, தில்லி வட்டாரத்தில் ஏறக்குறைய 96 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் காட்டியது. 2016ல் வந்த இன்னொரு ஆய்வு நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. வேலூரில் பணியாற்றிய பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து மூன்று வட்டாரங்களில் 23,000க்கும் அதிகமானோரைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கே 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் நோய் இருந்தது. நோய்க்கு இடம்தரும் மரபணுக்கள் மூன்று இடத்து மக்களிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தன. கோதுமை தின்னும் அளவுதான் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், வடகிழக்கே 37, தெற்கே 25. ஆனால் 37 கிராம் தின்கிற வடகிழக்கிலும் நோய் நூற்றுக்கு ஒருவரை நெருங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சோறு தின்கிற ஊர் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கொல்கத்தாவின் சாஸ் கதை சீனர்களிடமிருந்து தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டோங் ஆச்சியூ என்ற சீனர், வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று ஹூக்ளிக் கரையில் பட்ஜ் பட்ஜுக்கு அருகே சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் ஆச்சிப்பூர். பின்னால் வந்தவர்கள் மத்திய கொல்கத்தாவின் டிரெட்டா பஜாரிலும், கிழக்கே தோல் பதனிடும் தாங்ராவிலும் குடியேறினார்கள். தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி 1996ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, தாங்ராவின் அடையாளமே உணவகங்கள் என்றாகிவிட்டது. அந்தச் சமையலுக்கு சாஸ் வேண்டுமே. 1958ல் தொடங்கிய போ சோங், அதே காலத்து சிங் சியுங் போன்ற சீனக் குடும்ப நிறுவனங்கள் சோயா சாஸும் பச்சை மிளகாய் சாஸும் காய்ச்சி, வங்காளிகளின் அடுக்களை வரை அவற்றைக் கொண்டுசேர்த்தன. சில்லி சிக்கனும் ஹக்கா நூடுல்ஸும் இன்று கொல்கத்தாவின் சொந்தச் சாப்பாடு. நம் ஊர்த் தள்ளுவண்டியில் வேகும் கோபி மஞ்சூரியனுக்கு முன்னோடியான சிக்கன் மஞ்சூரியனை 1975ல் மும்பையில் உருவாக்கியவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங்கும் கொல்கத்தாவில் பிறந்த சீனர்தான்.

இந்தச் சமையலின் உயிர்நாடியான சோயா சாஸில்தான் சீலியாக் நோயாளி அதிகம் ஏமாறுகிறார். பெயரைக் கேட்டால் சோயாவில் செய்தது என்று தோன்றும். பாரம்பரிய முறையில் அவித்த சோயாவோடு வறுத்து உடைத்த கோதுமையைக் கலப்பார்கள். ஜப்பானிய வகையில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. அதன்மேல் ஒரு பூஞ்சையை வளரவிட்டு, இரண்டு மூன்று நாளில் மாவு பூத்ததும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் நொதிக்க வைப்பார்கள். சாஸின் மணத்துக்கும் லேசான இனிப்புக்கும் கோதுமைதான் காரணம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில வகைகள் நொதிக்க வைக்காமல், தாவரப் புரதத்தை அமிலத்தால் உடைத்து, கரமேல் நிறம் சேர்த்துச் செய்யப்படுகின்றன. அந்தத் தாவரப் புரதம் சோயாவா கோதுமையா என்பதை பாட்டிலின் பின்பக்கம்தான் சொல்ல வேண்டும்.

நொதித்தால் குளூட்டன் சிதைந்துவிடாதா என்று படித்தவர்களே கேட்பதுண்டு. பெருமளவு சிதையும். ஆனால் சிதைந்த துண்டுகளும் குடலைச் சீண்டலாம். முழுப் புரதத்தைத் தேடும் வழக்கமான சோதனைகளால் அந்தத் துண்டுகளைச் சரியாக அளக்கவும் முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020ல் தனி விதி கொண்டுவந்தது: நொதித்த உணவுக்கு 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால், நொதிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்று தயாரிப்பாளர் ஆவணம் காட்ட வேண்டும். கடைசியில் எடுத்த ஒரு சோதனை அறிக்கை போதாது. நோயாளிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மூலப்பொருள் பட்டியலில் கோதுமை என்று இருந்தால் அந்த பாட்டில் வேண்டாம்.

சோயா சாஸுக்கு மாற்று இல்லாமல் இல்லை. டமாரி என்ற ஜப்பானிய வகை கோதுமையே இல்லாமலோ மிகக் குறைவாகவோ செய்யப்படுவது. அதிலும் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும். விலை அதிகம், பெரிய கடைகளில் அல்லது இணையத்தில்தான் கிடைக்கும். மீன் சாஸ் பெரும்பாலும் நெத்திலியும் உப்பும் மட்டுமே. கோதுமைக்கு அங்கே வேலையில்லை. சிப்பி சாஸும் ஹாய்சின் சாஸும் அப்படியல்ல. அவற்றைக் குழம்பாக்க மாவு சேர்ப்பது வழக்கம், போதாததற்கு சோயா சாஸும் சேரும். பலரும் பயப்படும் அஜினோமோட்டோ இந்த விஷயத்தில் நிரபராதி. 1909ல் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தபோது கோதுமைக் குளூட்டனிலிருந்துதான் எடுத்தார்கள். இன்று கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். சீன உணவகத்தில் அஜினோமோட்டோ வேண்டாம் என்று வற்புறுத்திவிட்டு சோயா சாஸை விட்டுவிடுகிறவர் வேலியைத் திறந்து வைத்துவிட்டு வாசலைப் பூட்டுகிறார்.

தக்காளி சாஸில் பொதுவாகப் பயமில்லை. தக்காளி விழுது, சர்க்கரை, உப்பு, அசிட்டிக் அமிலம், கெட்டிப்படுத்த மாற்றிய ஸ்டார்ச். இந்தியாவில் அது பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்தது. வினிகரில் மால்ட் வினிகர் மட்டும் ஆகாது, அது பார்லியிலிருந்து வருவது. வெள்ளை வினிகர் சரி. பார்க் தெருவின் பழைய மேற்கத்திய உணவகங்களில் கறித்துண்டோடு பரிமாறப்படும் வூஸ்டர் சாஸ் ஒரு விசித்திரம். ஒரே லீ அண்ட் பெர்ரின்ஸ் பெயரில், இங்கிலாந்துத் தயாரிப்பில் மால்ட் வினிகர் இருக்கிறது, அமெரிக்கத் தயாரிப்பில் வெள்ளை வினிகர். பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அடுத்து பெருங்காயம். தமிழ் வாசகர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கொல்கத்தாவுக்குப் பெருங்காயம் கொண்டுவந்தவர்கள் ஆப்கானிய வியாபாரிகள். தாகூரின் 1892ஆம் ஆண்டுக் கதையால் 'காபூலிவாலா' என்று நாடே அறிந்த அதே மனிதர்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத வங்காளச் சைவச் சமையலில் உருளைக்கிழங்கு தம்முக்கும் கடலைப் பருப்புக்கும் ஹிங் என்று அங்கே சொல்லும் பெருங்காயம் இல்லாமல் ஆகாது. ஹிங் போட்ட கச்சூரி அந்த ஊரின் காலை உணவு. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வரும் பிசின் அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமானது. எனவே உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் போன்ற இடங்களில் அதை மாவோடும் கருவேலம் பிசினோடும் பிசைந்து விற்கிறார்கள். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கூட்டுப் பெருங்காயம். சட்டமே இதில் மாவு சேர்க்க அனுமதிக்கிறது. கலப்படம் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள், பலர் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். தூள்தான் கலப்பு, கட்டி சுத்தம் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. கட்டியிலும் மாவு இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு மூன்றே சரக்குகள்தான் எழுதியிருக்கும். அதில் ஒன்று கோதுமை மாவா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும்? கணக்குப் போடலாம். ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட சோதனையில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்ட சீலியாக் நோயாளிகளின் குடல் பழுதடைவது தெரிந்தது. பத்து மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது அதன்பிறகு பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கால் கிராம் பெருங்காயத்தில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால், ஒரு பாத்திரம் சாம்பாரில் பத்து மில்லிகிராம் குளூட்டன். நாலு பேர் பங்குபோட்டால் தலைக்கு இரண்டரை. அதோடு நின்றால் பெரிய பாதகமில்லை. ரசம் வரும், மோரில் கொஞ்சம் போடுவோம், அப்பளத்தில் இருக்கும், ஊறுகாயில் இருக்கும், இரவு இட்லிப் பொடியில் இருக்கும். கொல்கத்தாவில் மாலை வேளையில் ஜால்முரி வாங்கினால் பொரி அரிசிதான், கடுகெண்ணெய் சரிதான். மேலே தூவும் சனாச்சூரிலும் மசாலாவிலும் கூட்டுப் பெருங்காயம் இருக்கலாம். நாள் முழுக்கச் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கேயே சாம்பார் பொடியும் அப்பளமும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. அந்தக் கடைகளில் அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கேட்டால் கடைக்காரர் தேடித் தர வாய்ப்பு உண்டு. பல நிறுவனங்கள் இப்போது அதைத் தனியாகவே விற்கின்றன. மாவே சேராத பால் பெருங்காயம் கிடைத்தால் இன்னும் நல்லது, கடுகளவு போதும். வீட்டில் வறுத்த மிளகாய், மல்லியை மாவு மில்லில் கொடுத்து அரைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: நமக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். சீலியாக் நோயாளி இருக்கும் வீட்டுக்கு மிக்ஸிதான் பாதுகாப்பு.

இவ்வளவு 'வேண்டாம்' சொன்ன பிறகு ஒரு நல்ல சேதி. சீலியாக் நோயாளிக்கு வங்காளம் கொடுக்கும் பெரிய வரம் காசுந்தி. கடுகு, பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு, சில வீடுகளில் மாங்காய். அவ்வளவுதான். கோதுமைக்கு அதில் இடமே கிடையாது. அந்தக் காலத்து வீடுகளில் அட்சய திருதியை அன்று, பெண்கள் குளித்துவிட்டு மிகுந்த ஆசாரத்தோடு கடுகைக் கழுவிக் காயவைத்து இடித்தார்கள். காசுந்தி செய்யும் இடத்தில் வேறு சமையல் சாமான் எதுவும் படக் கூடாது. அடுக்களையில் ஒரு துளி கோதுமை மாவும் ஒட்டக் கூடாத நோயாளிக்கு அந்தப் பழைய கட்டுப்பாடு அப்படியே பொருந்திப் போகிறது.

செய்வதும் சிரமமில்லை. கறுப்புக் கடுகும் மஞ்சள் கடுகும் சம அளவு எடுத்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறிய கடுகோடு பச்சை மிளகாய், மஞ்சள் தூள், தோல் சீவிய மாங்காய்த் துண்டுகள் சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறிக் கசக்கும். அரைத்ததும் மூக்கில் ஏறும் காரம், கடுகு நசுங்கித் தண்ணீர் பட்டதும் உண்டாகும் ஒரு வேதிப்பொருளால் வருவது. கொஞ்சம் வெள்ளை வினிகர் ஊற்றினால் அந்தக் காரம் தங்கும். கண்ணாடிச் சீசாவில் போட்டு, மேலே கடுகெண்ணெய் மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டிவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். பொரித்த மீனுக்கும் கீரைக்கும் அருமையான துணை. நம் தயிர்சாதத்துக்கும் நன்றாகவே ஒத்துப்போகும்.

கடையில் வாங்கும் காசுந்தியில் இதே நிம்மதியை எதிர்பார்க்க முடியாது. கடுகுத் தூளைக் கெட்டிப்படுத்த மாவு சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடுகு விழுதான கோல்மன்ஸில் கோதுமை மாவு இருப்பதை அந்த நிறுவனமே அச்சிடுகிறது. இன்னொரு ஆபத்து மேஜைமேல் காத்திருக்கிறது. வடக்கு கொல்கத்தாவில் 'கேபின்' என்ற பெயரோடு இருக்கும் பழைய சிற்றுண்டிச் சாலைகளில் மீன் ஃப்ரையும் கட்லட்டும் காசுந்தியோடுதான் வரும். அவை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தவை. கட்லட்டைத் தொட்ட கரண்டி மறுபடி அதே காசுந்திக் கிண்ணத்துக்குள் போகும். சரக்கு சுத்தமாக இருந்தும் கிண்ணம் கெட்டுவிடும். வீட்டிலும் இதே கதைதான்: ரொட்டியில் தடவிய கத்தியை ஜாம் பாட்டிலுக்குள் விடுகிற வழக்கம். நோயாளிக்கென்று தனிப் பாட்டில், அதன்மேல் பெரிதாகப் பெயர் எழுதிய சீட்டு, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்ற வீட்டுச் சட்டம் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு நோய் இருக்கும் வீட்டில், எல்லோருக்குமே கோதுமையில்லாத சாஸை வாங்கிவிடுவது சண்டையை மிச்சப்படுத்தும்.

பாட்டிலை எப்படிப் படிப்பது? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் மூலப்பொருள் பட்டியலுக்கு அருகே 'கன்டெயின்ஸ்' என்று தொடங்கித் தனியாகச் சொல்ல வேண்டும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் இதுவே. அந்த அளவில் உள்ள சாஸில் இரண்டு தேக்கரண்டி ஊற்றிக்கொண்டால் உள்ளே போவது 0.2 மில்லிகிராம்தான். 'லோ குளூட்டன்' என்பது வேறு. அது கிலோவுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை, சீலியாக் நோயாளிக்கு உகந்ததல்ல. பட்டியலில் கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட், எந்தச் செடி என்று சொல்லாத தாவரப் புரதம், 'கூட்டுப் பெருங்காயம்' ஆகியவை கண்ணில் பட்டால் திரும்ப வைத்துவிடலாம். போன மாதம் வாங்கிய அதே பிராண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. செய்முறையை மாற்றுவதற்கு நிறுவனங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

இதைப் படித்துவிட்டு, தனக்கும் சீலியாக் இருக்குமோ என்று இன்றே கோதுமையை நிறுத்திவிடுவது தவறு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும், தேவைப்பட்டால் எண்டாஸ்கோப்பி வழியே குடல் திசு சோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் உண்மை தெரியும். கொல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையோடு சேர்ந்து செரிமான, கல்லீரல் நோய்களுக்கென்றே ஒரு தனி நிறுவனம் இயங்குகிறது. முதலில் மருத்துவர், பிறகுதான் பாட்டில்.

பாட்டில் வரைக்கும் சட்டம் வந்துவிட்டது, தட்டுவரை வரவில்லை. ஒவ்வாமை தரும் பொருட்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2020 விதி, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தோ அதற்கு மேற்பட்டோ இடங்களில் கிளை உள்ள உணவகங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தாங்ராவில் ஒரே கடையை மூன்று தலைமுறையாக நடத்தும் குடும்பத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "தாதா, இதில் சோயா சாஸ் இருக்கிறதா?" என்று கேட்டால், "ஏக்டு, ஏக்டு" என்று பரிவோடு பதில் வரும். கொஞ்சமே கொஞ்சம்தான் என்கிறார். பரிமாறுகிறவருக்கு அது கெட்ட எண்ணமில்லை. காரம் கேட்பதுபோலத்தான் இதையும் கேட்கிறார்கள் என்று நினைக்கிறார். அந்தக் கொஞ்சத்தில் ஒருவர் வாரக்கணக்கில் படுத்துவிடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சின்ன உணவகங்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சமையலறையில் புழங்கும் சாஸ், மசாலாப் பொட்டலங்களின் பின்பக்கச் சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிறவருக்குக் காட்டலாம். சோயா சாஸ் படாத ஒரு வாணலியும் கரண்டியும் தனியாக வைத்து, உப்பும் வெள்ளை மிளகும் பூண்டும் இஞ்சியும் மட்டும் போட்டு, மக்காச்சோள மாவில் கெட்டிப்படுத்திய ஒரு மீன் வதக்கல் செய்து தரலாம். சென்னையிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சைனீஸ் பலகை மாட்டியிருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். உங்கள் கடையில் இதைக் கேட்கிறவர் வாரத்துக்கு ஒருவர்தான் வரலாம். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார், குறை சொல்ல அல்ல. சமையலறைக்குள் போய், பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.